ஓரத்துண்டு

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கின் ஓரத்துண்டுகள் நாய்க்குத்தான். ஆச்சி வைத்த சட்டம் அது. நான் பிறக்கும் முன்பே நடைமுறையில் இருந்தது. பேக்கரி அடுப்பிலிருந்து வருகிற ட்ரேயில் நான்கு பக்கமும் கொஞ்சம் கருகி இறுகிப்போயிருக்கும். அந்த விளிம்பைக் கத்தியால் நேராகச் சீவி எடுத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவோம். சீவின ஓரத்தில் பாதி பிள்ளைகளுக்கு, மீதி வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்பதற்கு. “ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்க ஜீவன். அதுக்கு ஒரு வாய் வைக்காம நாம திங்கலாமா?” என்பது ஆச்சியின் நியாயம். அந்த நியாயத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் கேக் என்பது ஒரு நாள் வேலை இல்லை. அக்டோபர் கடைசியிலேயே கிஸ்மிஸ், கறுப்புத் திராட்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் பொடியாக நறுக்கி ஊறப்போட வேண்டும். ரம்மில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது என்பதால் நாங்கள் திராட்சைச் சாற்றில் ஊறப்போடுவோம். (இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பிறகு வருகிறேன்.) டிசம்பர் இருபது வாக்கில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு நான்கையும் லேசாகச் சூடுகாட்டி இடித்துச் சலிப்பாள் ஆச்சி. கிராம்பு மட்டும் நாகர்கோவில் சித்தி வீட்டிலிருந்து வரும், அந்த மலைக் கிராம்புக்கு வாசனை ஒரு படி மேல். சீனியைக் கருக்கி நிறம் சேர்த்து, மாவைக் கலந்து, அலுமினிய ட்ரேயில் ஊற்றி, பெயர் எழுதின சீட்டை ஒட்டி, தெருமுனை பேக்கரி அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவோம். வீட்டில் ஓவன் வந்த பிறகும் ஆச்சிக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ட்ரே வந்து சாப்பாட்டு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. நான் சென்னையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தேன். தம்பி வீட்டு நாய் லட்டு, ஒன்பது கிலோ, கால் குட்டை, உடம்பு நீளம், டேஷண்ட் ஜாதி என்று விற்றவர் சொன்னாராம். மேசைக்கு ஏற முடியாத உயரம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நாற்காலி ஒன்று வெளியே இழுத்தபடி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாசலில் ஸ்டார் கட்டிவிட்டு உள்ளே வந்தபோது லட்டு மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. ட்ரேயின் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. கால் கிலோ இருக்கும்.

உடனே போனை எடுத்து நான் தேடியது ஜாதிக்காயைப் பற்றி. எங்கோ எப்போதோ படித்த ஞாபகம். தேடினால் பயமுறுத்துகிற சங்கதிகள் வரிசையாக வந்தன. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதிகமாகப் போனால் நாய்க்கு இதயம் படபடக்கும், திசை தெரியாமல் தள்ளாடும், இல்லாததைப் பார்த்துக் குரைக்கும், வலிப்பு வரைகூடப் போகலாம், இரண்டு நாள் வரை அதன் பிடி இருக்கும் என்று போட்டிருந்தது. கை நடுங்க ஆச்சியிடம் எவ்வளவு ஜாதிக்காய் போட்டாள் என்று கேட்டேன். ஆச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏட்டி, பொறந்த பிள்ளைக்கே ஜாதிக்கா ஒரசி நாக்குல தடவுதோம். ஒனக்கும் தடவியிருக்கேன். நாய்க்கு என்ன செய்யும்?”

உரைமருந்தை இந்த இடத்தில் இழுத்துவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னது கிட்டத்தட்ட சரி என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது.

தம்பி டாக்டருக்குப் போன் போட்டான். எங்கள் தெருவில் இன்னமும் ‘மாட்டு டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள், அவர் பார்ப்பது முக்கால்வாசி நாயும் பூனையும்தான் என்றாலும். அவர் நான்கே கேள்வி கேட்டார். நாய் எத்தனை கிலோ, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. தம்பி கேக்கில் போட்டதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தான். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வரைக்கும் மறுமுனையில் ம், ம் என்று சத்தம். கிஸ்மிஸ் என்றதும் சத்தம் நின்றது. “எவ்வளவு கிஸ்மிஸ்?” கிலோ கேக்குக்கு இருநூறு கிராம், கறுப்புத் திராட்சையும் சேர்த்து. “உடனே தூக்கிட்டு வாங்க. வீட்ல ஒண்ணும் கொடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு எதையும் ஊத்தாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஏன் சொன்னார் என்பது வாசலுக்கு வந்ததுமே புரிந்தது. ஆட்டோ வருவதற்குள் தெருவில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம். உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்று என்றார் ஒருவர். மோர் கொடு என்றார் இன்னொருவர். எங்கள் அம்மா உள்ளேயிருந்து ஒரு சொம்போடு வந்தாள். புளியைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தாள். விஷம் தின்றவர்களுக்குப் புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். டாக்டர் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று சொம்பை வாங்கித் திண்ணையில் வைத்தேன். நல்ல காரியம் எதையும் தெரிந்து செய்கிற ஆள் இல்லை நான். அன்றைக்குச் செய்தது அப்படியொன்று.

டாக்டர் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் லட்டு வாந்தி எடுத்தது. கேக் கூழாகியிருந்தது. கிஸ்மிஸ் மட்டும் அப்படியே முழுசு முழுசாக, ஊதிப் பெருத்து வந்து விழுந்தது. டாக்டர் குச்சியால் தள்ளிப் பார்த்து, முக்கால்வாசி வந்துவிட்டது என்றார். பிறகு டிரிப் ஏற்றினார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்தார். இன்றைக்கு நார்மலாகத்தான் இருக்கும், அதை நம்பிச் சந்தோஷப்பட வேண்டாம் என்றும் சொன்னார். சிறுநீரகம் கெட்டால் அது ரத்தத்தில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகுமாம். அதனால் நாற்பத்தெட்டு மணி நேரம் டிரிப், மூன்றாம் நாள் வரை ரத்தப் பரிசோதனை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் வருவீர்களா என்று தயங்கிக் கேட்டேன். “எனக்கு அது லீவு, கிட்னிக்கு லீவு கிடையாதே” என்றார்.

இந்த இரண்டு நாளும் அவருடைய அறையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான் இனி வருவது.

திராட்சை நாய்க்கு ஆகாது என்பது ரொம்பப் பழைய சேதி இல்லை. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநல அமைப்பு, வளர்ப்புப் பிராணிகளுக்கான விஷ ஆலோசனை மையம் ஒன்றை நடத்துகிறது. நாய் எதையாவது தின்றுவிட்டால் மக்களும் மருத்துவர்களும் அங்கே போன் செய்வார்கள். வந்த அழைப்புகளையெல்லாம் பதிந்து வைத்திருந்ததில், திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது திரும்பத் திரும்ப வந்தது. 2001-இல் கால்நடை மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். ஆனால் திராட்சையில் எது விஷம் என்று இருபது வருடம் பிடிபடவில்லை. பூச்சிமருந்தா, பூஞ்சையா, கன உலோகமா என்று சந்தேகப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. வீட்டுத் தோட்டத்துப் பழத்தைத் தின்ற நாயும் செத்திருக்கிறது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் சுற்றிவரும், இன்னொன்று கொஞ்சம் தின்றுவிட்டுப் படுத்துவிடும். கணக்கே புரியவில்லை.

முடிச்சு அவிழ்ந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகள் விளையாடுகிற களிமாவை வீட்டிலேயே செய்வார்கள் அல்லவா, மைதா, உப்பு, கொஞ்சம் கிரீம் ஆஃப் டார்டார் போட்டு? அப்படிச் செய்த மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. அதற்கு வந்த நோய் அச்சு அசலாகத் திராட்சை தின்ற நாய்க்கு வருவது. திராட்சைக்கும் கிரீம் ஆஃப் டார்டாருக்கும் பொதுவான பொருள் என்ன என்று பார்த்தால், டார்டாரிக் அமிலம். கிரீம் ஆஃப் டார்டார் என்பதே அந்த அமிலத்தின் பொட்டாசியம் உப்புதான், ஒயின் செய்கிற பீப்பாயில் படிவது. 2021-இல் அதே மையத்தின் மருத்துவர்கள் இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். திராட்சையில் இந்த அமிலத்தின் அளவு ரகத்துக்கு ரகம், பழுத்த பக்குவத்துக்குப் பக்குவம் மாறும். அதனால்தான் ஒரு நாய் தப்பிப்பதும் இன்னொன்று சாவதும். நமது சிறுநீரகம் இந்த மாதிரி அமிலங்களைத் தள்ளிவிடுவது போல நாயினுடையது தள்ளுவதில்லை. உள்ளே தேங்கி, சிறுநீரகக் குழாய்களின் செல்களைச் சிதைக்கிறது என்பது இப்போதைய விளக்கம்.

டார்டாரிக் அமிலம் மிகுந்த பண்டம் இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களையும் அந்த மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

புளி.

டாக்டர் இதைச் சொன்னபோது நான் திண்ணையில் வைத்துவிட்டு வந்த சொம்பை நினைத்துக்கொண்டேன். கிஸ்மிஸ் தின்ற நாய்க்கு, முறிவு மருந்து என்று, அதே அமிலத்தைக் கரைத்து ஊற்ற இருந்தோம். உப்புத் தண்ணீரும் லேசுப்பட்டதில்லை. வாந்தி வராமல் உள்ளே தங்கினால் ரத்தத்தில் உப்பு ஏறி, அதுவே மூளையைத் தாக்கிக் கொன்றுவிடும். மரத்தில் தொங்கவிட உப்பு மாவில் பொம்மை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பார்க்க பிஸ்கட் மாதிரியே இருக்கும், நாய்க்கும் அப்படித்தான் தெரியும்.

அப்போ மீன்குழம்புச் சோறு தின்று வளர்ந்த நம்மூர் நாய்களெல்லாம் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று யாராவது கேட்பீர்கள். நானும் கேட்டேன். சோற்றோடு பிசைகிற குழம்பில் இருக்கிற புளி வேறு, புளி உருண்டையையே கடித்துத் தின்பது வேறு என்றார். குழம்பில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் உப்பும் வேறு கதை, அதையும் போடாதீர்கள் என்றார். லட்டுவுக்கு இப்போது வெறும் சோறும் உப்பில்லாமல் அவித்த மீனும்தான். முள் எடுப்பது என் தம்பியின் வேலை, அதில் அவன் காட்டுகிற பொறுமையை அவன் பிள்ளைக்குக் காட்டியதில்லை.

மசாலா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் பயந்தது அதற்குத்தான். ஒரு கிலோ கேக்குக்கு ஆச்சி போடுவது கால் தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூள். லட்டு தின்றது அதில் கால்பங்கு. அது வயிற்றைக் கலக்கினால் உண்டு, அதற்கு மேல் இல்லை. ஆனால் முழு ஜாதிக்காயை உருட்டி விளையாடி ஒரு நாய் தின்றுவிட்டால், அல்லது தூள் டப்பாவைக் கவிழ்த்து நக்கிவிட்டால், அப்போது மேலே சொன்ன தள்ளாட்டமும் படபடப்பும் நிஜமாகவே வரும். பட்டை, சுக்கு இரண்டும் பிஸ்கட்டில் இருக்கிற அளவுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெள்ளைக்காரர்கள் ஊரில் இஞ்சி ரொட்டியில் வீடு கட்டி வைப்பார்கள். சென்னையில் இப்போது அதையும் விற்கிறார்கள், அண்ணி ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதிலும் பயப்பட வேண்டியது இஞ்சிக்கு இல்லை, ஒட்டுவதற்கும் அலங்கரிப்பதற்கும் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்பதற்குத்தான். காரமான வாசனை வருகிற பொருளைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம். இனிப்பாக, சாதுவாக, பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிற கிஸ்மிஸை யார் சந்தேகப்படுவார்கள்? பாயசத்தில் இருக்கிறது, கேசரியில் இருக்கிறது. எங்கள் நாயின் பெயரிலேயே இருக்கிறது. லட்டு பிடிக்கும்போது கிஸ்மிஸ் இல்லாமல் பிடிப்பார்களா?

சாற்றில் ஊறப்போடுவதில் வேடிக்கை இருக்கிறது என்றேனே. ரம்மில் ஊறினதைத் தின்றால் நாய்க்குச் சாராயம் ஏறும், அது தனி ஆபத்து. நாங்கள் சாராயத்துக்குப் பயந்து திராட்சையைத் திராட்சைச் சாற்றிலேயே ஊறப்போட்டு, டார்டாரிக் அமிலத்துக்கு டார்டாரிக் அமிலத்தால் மெருகு ஏற்றிக்கொண்டிருந்தோம். தாத்தாவின் மதுவிலக்கு இப்படி ஒரு வேலை செய்யும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சாக்லேட் ஆகாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். தெரியாதது, எந்தச் சாக்லேட் எவ்வளவு என்பது. அதிலிருக்கிற தியோபுரோமின் நாயின் உடம்பிலிருந்து பாதி இறங்கவே பதினேழு மணி நேரம் போல ஆகிறது. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் தொந்தரவு தொடங்கும், 60 போனால் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான். ஆனால் கேக்குக்குப் போடுகிற கோகோ தூளில் கிராமுக்கு 20-க்கு மேல். அதாவது லட்டு மாதிரி ஒன்பது கிலோ நாய்க்குப் பால் சாக்லேட் என்றால் பெரிய கட்டியாக ஒன்று வேண்டும், கோகோ தூள் என்றால் 8, 9 கிராம் போதும். பிரவுனி செய்துவிட்டு டப்பாவை மூடாமல் வைக்கிறவர்கள் அதை எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குப் பயம் சைலிட்டால் என்கிற சீனி மாற்றின் மேல். வீட்டில் ஒரு சர்க்கரை வியாதிக்காரராவது இல்லாத பண்டிகை ஏது? மாமாவுக்கென்று சீனி போடாத கேக் தனியாக வாங்குவோம். இங்கே கிடைக்கிற இனிப்பு மாத்திரைகளில் பெரும்பாலும் சுக்ரலோஸோ ஸ்டீவியாவோதான் இருக்கும், அவை நாய்க்கு அந்த அளவு கெடுதல் இல்லை. ஆனால் கீட்டோ, சுகர்ஃப்ரீ என்று பெயர் போட்டு வருகிற கேக், பிஸ்கட், சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். லேபிளில் எண் மட்டும் போட்டிருந்தால் 967. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சரக்கு, நாயின் கணையத்தை ஏமாற்றி இன்சுலினைக் கொட்ட வைத்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடி விழலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். லட்டுவுக்கு ஒரு கிராம்கூட வேண்டாம், கால் தேக்கரண்டிதான். கிலோவுக்கு அரை கிராமுக்கு மேல் போனால் கல்லீரலும் போய்விடலாம்.

சரி, இவ்வளவும் ஒரு பக்கம். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர், கிஸ்மிஸ் தின்ற நாய்க்கு நோய் எப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் வாந்தி. அப்புறம் சோர்வு, சோறு தொடாது, தண்ணீரை மட்டும் குடிக்கும். கொஞ்சம் தேறின மாதிரிகூடத் தெரியலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோகும். அதற்குள் கேக் தின்றதை எல்லோரும் மறந்திருப்பார்கள். அருகில் உட்கார்ந்திருந்த அம்மா, “மணி” என்றாள்.

மணி எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டில் இருந்த நாட்டு நாய். 1996 டிசம்பர் 28 அன்று செத்தது. தேதி எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது மணி கிணற்றடியில் கிடந்தது. பின்வீட்டு மாமா விஷம் வைத்துவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். காரணமும் இருந்தது. அந்த மாதம்தான் மணி அவருடைய கோழி இரண்டைத் தூக்கியிருந்தது, அவரும் வாசலில் நின்று ஒரு நாள் இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று கத்தியிருந்தார். தாத்தா அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டார். அவர் சாமி படத்தைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்தார். தாத்தா நம்பவில்லை. ஜனவரியில் இடைச்சுவரை இரண்டடி உயர்த்தினோம். அதுவரை அந்தச் சுவருக்கு மேலாகத்தான் எங்கள் கேக்கும் அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் கைமாறும்.

அம்மா டாக்டரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த வருடம் பேக்கரியில் ஒரு ட்ரே அடி பிடித்துவிட்டது. யாருக்கும் கொடுக்க முடியாது. ஆச்சி மேல்பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மீதி முழுவதையும், ஒரு கிலோவுக்குக் குறையாது, இருபத்துநான்காம் தேதி ராத்திரி மணிக்குப் போட்டாள். மறுநாள் விடிகாலை மணி வாந்தி எடுத்தது. “கழுவி விட்டது நான்தான். கிஸ்மிஸா கெடந்துச்சு.” அப்புறம் கிணற்றடி ஈரத்திலேயே படுத்துக்கொண்டு தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறாம் தேதி தாத்தா, விஷமாக இருக்கும் என்று, புளியைக் கரைத்து வாயில் ஊற்றினார். இரண்டு சொம்பு.

டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்தக் காலத்தில் நாய்க்கு வைக்கிற பூச்சிமருந்து என்றால் எச்சில் ஒழுகும், உடம்பு உதறும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். மூன்று நாள் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்காது என்றார். எலிமருந்தில் சில வகை என்றால் ரத்தம் கசியும். கசிந்ததா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

முந்தைய வருடங்களில் மணிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. முந்தைய வருடங்களில் அதற்குக் கிடைத்தது ஓரத்துண்டு.

அன்று ராத்திரி ஆச்சியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் தம்பியும் முடிவு செய்திருந்தோம். எண்பத்து மூன்று வயது. ஆனால் அவளே, வழக்கம்போல, வம்புக்கு இழுத்தாள். “நாப்பது வருசமா நாய்க்குக் கேக்கு போடுதேன். எந்த நாய் செத்துச்சு, சொல்லு பாப்பம்?” யாரும் பதில் பேசவில்லை. அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் பதில் பேசாமல் இருப்பது அபூர்வம். ஆச்சி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், “மணியா?” என்றாள்.

அம்மா சொல்லிவிட்டாள், புளியை மட்டும் விட்டுவிட்டு. தாத்தா போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் பங்கை ஆச்சி சுமக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். ஆச்சி, “டாக்டர் நெசமா அப்பிடிச் சொன்னாரா?” என்று இரண்டு தடவை கேட்டாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டாள். உருட்டினாளா, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாளா, தெரியாது.

பின்வீட்டு மாமா 2011-இல் இறந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து துட்டி கேட்க ஒருவரும் போகவில்லை. அத்தை மட்டும் இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள், மகன் துபாயில்.

இருபத்தாறாம் தேதி லட்டுவின் கிரியாட்டினின் நார்மல் என்று வந்தது. அது கழுத்துப் பட்டையை உதறிக்கொண்டு ஆட்டோவில் தானாக ஏறியது. மத்தியானம் ஆச்சி கேக்கை எடுத்து நடுவிலிருந்து எட்டுத் துண்டு போட்டாள், ஓரம் இல்லாமல். எவர்சில்வர் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி என்னிடம் நீட்டினாள். “பின்வீட்ல குடுத்துட்டு வா.” சுவர் உயரம், தெரு சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அத்தை கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாங்கிக்கொண்டாள். “நாயைத் தூக்கிட்டு ஓடினீகளே, எப்பிடி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கு அத்தை என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை ஆச்சி பிறகு சொன்னாளா, யாருக்குத் தெரியும். இரண்டு பேரும் சாயங்காலங்களில் தெருமுனைக் கடை வரை சேர்ந்து நடப்பதாகத் தம்பி சொல்கிறான்.

வெறுந்தட்டைத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. பொங்கலன்று நான் சென்னையில் இருந்தேன், அம்மாதான் போனில் சொன்னாள். அத்தை அதே தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாளாம். நெய்யில் வறுத்த முந்திரியும் கிஸ்மிஸும் மேலே நிறையப் போட்டிருந்ததாம். ஆச்சி அதை வாங்கின கையோடு, அத்தையை உட்காரச் சொல்லக்கூட மறந்து, நேராக உள்ளே போய் பிரிட்ஜ் மேல் ஏற்றி வைத்துவிட்டாளாம். நாற்காலியையும் மேசைக்கடியில் தள்ளினாளாம்.